மூக்குத்தி எந்தப் பக்கம்

ஜூன் 3, திங்கள்

44.6.

இந்த எண்ணை எங்காவது இறக்கி வைத்தால்தான் எனக்குத் தூக்கம் வரும். ஆதிரைக்கு இன்றோடு ஐந்து மாதம். டாக்டர் ஹேமலதா அவள் தலையைச் சுற்றி டேப்பை இரண்டு முறை வைத்துப் பார்த்துவிட்டு வளர்ச்சி வரைபடத்தில் ஒரு புள்ளி வைத்தார். கோடுகளெல்லாம் முடிந்த பிறகு, அதற்கும் மேலே, வெறும் வெள்ளைத் தாளில் அந்தப் புள்ளி தனியாக நிற்கிறது.

உச்சிக்குழி வழியாகப் போன வாரம் எடுத்த ஸ்கேனில் மூளையைச் சுற்றி நீர் கொஞ்சம் கூடுதலாகத் தெரிகிறதாம். "பயப்படாதீங்க யமுனா. முக்கால்வாசிக் குழந்தைகளுக்கு இது தானா சரியாயிடும். பெரும்பாலும் குடும்பவாகு. அப்பாவோ அம்மாவோ கைக்குழந்தையில இப்படி இருந்திருப்பாங்க" என்றார். எங்கள் இருவர் தலையையும் அளந்தார். என்னுடையது நடுத்தரம். இவருடையது பெரிது, ஆனால் கோட்டுக்குள்தான் இருக்கிறது. ஹெல்மெட் வாங்கப் போனால் கடைக்காரர் உள்ளே போய்த் தேடி எடுத்து வருகிற தலை, அவ்வளவுதான்.

"உங்க ரெண்டு பேருக்கும் அஞ்சாறு மாசத்துல எடுத்த போட்டோ இருக்கா? யாராவது ஒருத்தருக்கு இப்படி இருந்துச்சுன்னு தெரிஞ்சாக்கூட, மாசாமாசம் அளந்து பார்த்துக்கிட்டுப் பொறுத்திருக்கலாம். இல்லைன்னா 21ஆம் தேதி எம்.ஆர்.ஐ. எடுத்துடுவோம். அசையாம இருக்கணும்னா மயக்க மருந்து கொடுக்கணும்."

மயக்க மருந்து. ஏழு கிலோ கூட இல்லாத பிள்ளைக்கு.

என் போட்டோவைத் திருச்சியிலிருந்து அம்மா ஐந்தே நிமிடத்தில் அனுப்பிவிட்டாள். சாதாரணத் தலை. ஆகவே மிச்சம் இருப்பது இவர் தலைதான். ஆட்டோவில் வரும்போது இவர் "ஒண்ணும் இருக்காது யமு" என்று எட்டு முறை சொன்னார். ஒருமுறை சொல்லியிருந்தால் நம்பியிருப்பேன்.

"உங்களைக் குழந்தையில பார்த்தவங்க யாரு இருக்காங்க?" என்று கேட்டேன்.

"என்னைத் தவிட்டுக்கு வாங்கினாங்க. வித்தவங்களைத்தான் தேடிப் பிடிக்கணும்" என்று சிரித்தார். யார் வீட்டிலும் பிள்ளைகளைச் சீண்டச் சொல்கிற கேலிதானே.

மாமனாரும் மாமியாரும் எங்கள் கல்யாணத்துக்கு முன்பே போய்விட்டார்கள். கேட்க இருப்பது காந்திமதி மதினி ஒருவர்தான். இவருடைய அக்கா, ஏழு வயது மூத்தவர், பாளையங்கோட்டையில் இருக்கிறார்.


ஜூன் 4, செவ்வாய்

மதினியிடம் பேசினேன். ஆதிரை தலையைப் பற்றி எல்லாம் சொன்னேன். மறுமுனையில் மிக்சி ஓடிக்கொண்டிருந்தது, நான் சொல்லச் சொல்ல அது நின்றுவிட்டது.

"குழந்தையில தம்பி தலை எப்படி இருந்துச்சு மதினி?"

"தலையா... எல்லாப் பிள்ளை தலையும் மாதிரிதான் இருந்திருக்கும். எனக்கு ஞாபகம் இல்ல பாத்துக்கோ. நானே அப்பம் சின்னப் பிள்ளை."

அவருக்கு ஏழு வயதில் பிறந்த தம்பி. ஏழு வயதில் நடந்தது எனக்கெல்லாம் டீச்சரின் சேலை நிறம்வரை நினைவிருக்கிறது. ஒவ்வொருவருக்கு ஒவ்வொரு மாதிரி என்று நினைத்துக்கொண்டேன்.

ஆல்பத்தை எப்போதோ கரையான் தின்றுவிட்டதாம். "ஆனா நெகட்டிவ் இருக்கு. துபாய்ல இருந்து எங்க மாமா கேமரா கொண்டுவந்தாருல்லா, அதுல எடுத்தது. அம்மா ஒரு பிஸ்கட் டின்னுல போட்டுப் பீரோவுக்குள்ள வச்சிருந்தா. யாரையும் தொட விடமாட்டா. நான் பார்சல் போடுதேன். அதுல என்ன தெரியுமோ, எனக்குத் தெரியாது."

பாவம், கேட்டதும் அனுப்புகிறேன் என்றாரே. எத்தனை நாத்தனார்கள் இப்படி இருப்பார்கள்.


ஜூன் 5, புதன்

44.6, 44.5, 44.8. இனி வீட்டில் அளக்க மாட்டேன்.


ஜூன் 7, வெள்ளி

டின் வந்துவிட்டது. கூடவே ஒரு பாட்டில் பருப்புப்பொடியும், பால் சுரக்கப் பூண்டு ஊறுகாயும். கூரியர் பையன் மூன்று மாடி ஏறி வந்தான், லிஃப்ட் வேலை செய்யவில்லை. மோர் கொடுத்தேன். அவன் குடிக்கிற நேரம்கூட எனக்குப் பொறுக்கவில்லை.

உள்ளே மஞ்சள் காகித உறைகள். ஒவ்வொன்றிலும் நான்கு நான்கு படமாக வெட்டிய நாடாக்கள், ஆரஞ்சும் பழுப்பும் கலந்த நிறம். ஜன்னலுக்கு நேரே பிடித்துப் பார்த்தேன். முடி வெள்ளையாகவும், பல் கறுப்பாகவும், கண்ணுக்குள் வெளிச்சமுமாக யார் யாரோ. யாரையும் அடையாளம் தெரியவில்லை. குழந்தையா தலையணையா என்பதே சந்தேகமாக இருந்தது.

ஸ்டுடியோவில் கேட்டதற்கு, "நெகட்டிவா? சென்னைக்கு அனுப்பணும்க்கா, இருபது நாள் ஆகும்" என்றார்கள். என்னிடம் இருப்பது பதினான்கு நாள்.


ஜூன் 8, சனி

சாப்பாட்டு மேஜைதான் ஸ்டுடியோ. இவருடைய போன் திரையில் வெறும் வெள்ளைப் பக்கம் வைத்து, அதன் மேல் இனிப்புப் பெட்டியின் பால்நிற மூடி. மூடியின் மேல் நெகட்டிவ். அதற்கு மேலே இரண்டு எவர்சில்வர் டம்ளர்களுக்கு நடுவே பாலம் போல என் போன். படம் எடுத்து நிறத்தைத் திருப்பினால் ஆள் வெளியே வந்துவிட வேண்டும்.

வேகமாகச் சொல்லிவிட்டேன். காலையில் ஆரம்பித்து மாலைவரை ஆயிற்று. நாடா சுருண்டுகொண்டே போகிறது. படகு மாதிரி, குழிவு மேலே இருக்கும்படி வைத்தால்தான் ஓரங்களை அழுத்த முடிகிறது. டயப்பர் பெட்டி அட்டையில் இவர் பிளேடால் சன்னல் வெட்டி, மார்க்கரால் கறுப்பு பூசிக் கொடுத்தார். அட்டையை மேலே வைத்தால் படம் மட்டும் தெரியும், ஓரத்தில் இருக்கிற எண்களும் ஓட்டைகளும் மறைந்துவிடும். பார்க்க அவ்வளவு சுத்தமாக இருந்தது. பம்ப் கம்பெனியில் தரப் பரிசோதனை செய்கிறவரைக் கட்டிக்கொண்டதில் இப்படியும் ஒரு லாபம்.

விரல்ரேகை படக்கூடாது என்று ஆதிரையின் பருத்திக் கையுறையை இரண்டு விரலில் மாட்டிக்கொண்டேன். தூசி ஊதுவதற்கு, சளி உறிஞ்சவென்று வாங்கி இன்னும் பிரிக்காமல் வைத்திருந்த ரப்பர் பல்ப். மகள் சொத்தில் பாதி என் ஸ்டுடியோவுக்கு வந்துவிட்டது. அவள் தொட்டிலில் கிடந்து காலைத் தூக்கித் தூக்கிப் போட்டுச் சிரித்துக்கொண்டிருந்தாள். தலை கனமாக இருக்கிற பிள்ளை இப்படிச் சிரிக்குமா என்று பார்த்தேன். பிறகு அப்படிப் பார்த்ததற்காக என்னையே திட்டிக்கொண்டேன்.

முதல் படம் நீலமாக வந்தது. நீல மனிதர்கள், நீல வேப்பமரம். நீலத்தைக் குறைத்துக் குறைத்து வந்தபோது, திடீரென்று ஒரு பெண் என்னைப் பார்த்துச் சிரித்தார். சுவரில் மாலை போட்டு, கழுத்துவரை மட்டுமே நான் பார்த்திருக்கிற மாமியார். இருபத்தேழு, இருபத்தெட்டு வயதுதான் இருக்கும், என் வயது. அரக்கு நிறச் சேலை.

இவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு அரை மணிநேரம் மேஜைப் பக்கமே நின்றார்.


ஜூன் 9, ஞாயிறு

இன்று பதினொரு படம். மாமனார் ஸ்கூட்டரோடு, துபாய் மாமா கறுப்புக் கண்ணாடியோடு. மாமியார் முந்தானையை வலது தோளில் போட்டிருக்கிறார். எல்லாப் படத்திலும் அப்படித்தான். இடது கைப் பழக்கமோ என்னவோ. மாமனாரும் வலது கையில்தான் கடிகாரம் கட்டியிருக்கிறார். நல்ல பொருத்தம்தான்.

கைக்குழந்தை இன்னும் வரவில்லை. இன்று ஒருமுறைதான் அளந்தேன். (இரண்டு முறை.)


ஜூன் 11, செவ்வாய்

வந்துவிட்டது.

ஐந்தாவது உறை, இரண்டாவது நாடா. நிறத்தைத் திருப்பியதும் ஆதிரை! அப்படியே ஆதிரை. அதே நெற்றி, அதே மேடு, உடம்புக்குப் பொருந்தாமல் பலூன் மாதிரி அதே தலை. ஜமுக்காளத்தில் குப்புறப் படுத்து, அந்தத் தலையைப் பிரயாசைப்பட்டுத் தூக்கிக் கேமராவைப் பார்க்கிறது. கன்னத்தில் திருஷ்டிப் பொட்டு. இடது மூக்கில் ஒரு பொட்டுத் தங்கம், மூக்குத்தி.

மூக்குத்தி என்றால் பெண் பிள்ளை. இவர் இல்லை. மதினி மூக்குத்தி போடுவதும் இடது பக்கம்தான். மதினிக்கே அனுப்பி, "இது யாரு மதினி?" என்று கேட்டேன். இரண்டு டிக்கும் உடனே நீலமாயின. பதில் வர நாற்பது நிமிடம். "எழுதுகிறார்" என்று வரும், நின்றுவிடும், மறுபடி வரும். கடைசியில் வந்தது இரண்டே சொல்:

"நான்தான் அது."

எனக்குத் துள்ளிக் குதிக்க வேண்டும் போல் இருந்தது. இந்தக் குடும்பத்துத் தலைதான்! மதினி நாற்பது வயது தாண்டி, கூட்டுறவு வங்கியில் கேஷியராக நன்றாகத்தான் இருக்கிறார். "உங்க தலைக்குக் கோவில் கட்டணும் மதினி" என்று எழுதினேன். ஒரு கும்பிடு பொம்மை அனுப்பினார். சிரிப்பு பொம்மை இல்லை.


ஜூன் 12, புதன்

டாக்டர் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். "தலை நல்லாவே பெரிசுதான். ஆனா அப்பாவோட அக்காங்கிறீங்க. பெத்தவங்களுடையதுன்னா நான் தைரியமா தேதியைத் தள்ளிப்போடுவேன். இப்பவும் இது ஒரு பலம்தான். அப்பா படம் கிடைக்குதா பாருங்க. அதுவரைக்கும் 21 அப்படியே இருக்கட்டும்."

நல்ல டாக்டர். வேறு யாராவது என்றால் படத்தையே பார்த்திருக்க மாட்டார்கள்.


ஜூன் 13, வியாழன்

டேப்பைக் காணோம். இவர் வேலைக்குப் போகும்போது பையில் போட்டு எடுத்துப் போய்விட்டார் என்று நினைக்கிறேன். கேட்கவில்லை. உள்பாவாடை நாடாவால் அளந்து ஸ்கேலில் வைத்துப் பார்த்தேன். நாடா இழுபடுகிறது, நம்ப முடியாது.


ஜூன் 15, சனி

எழுதக் கை வரவில்லை. ஆனாலும் எழுதுகிறேன்.

கடைசி உறையில் ஒரே ஒரு நாடா. மற்றதெல்லாம் நான்கு நான்கு, இது மட்டும் தனியாக வெட்டிய ஒரே படம். ரெட்டைச் சடை போட்ட ஒரு சிறுமி, முன் பல் இல்லை, சந்தேகமே வேண்டாம், மதினிதான். வலது இடுப்பில் ஓர் ஆண் குழந்தை, அரைஞாண் தெரிகிறது. ஏழெட்டு மாதம் இருக்கும். மூக்குத்தி இல்லை.

தலை சின்னது. அழகான, அளவான, உருண்டைத் தலை.

மதினி இடுப்பில் இருக்கும் தம்பி என்றால் இவர்தானே? இவருக்கு ஏது வேறு உடன்பிறப்பு. அப்படியானால் இவர் தலை சாதாரணமாகத்தான் இருந்திருக்கிறது. அப்பாவுக்கும் இல்லை, அம்மாவுக்கும் இல்லை. இனி 21 தான்.

இவரிடம் காட்டினேன். "என்னை மாதிரியே இல்லையே" என்றார். "எல்லாக் குழந்தையும் மாறும்ங்க" என்றேன். மதினிக்கு அனுப்பி, "நீங்களும் தம்பியுமா?" என்று கேட்டேன். பார்த்துவிட்டார். பதில் இல்லை. கூப்பிட்டேன், எடுக்கவில்லை. மூன்றாவது முறை போன் அணைக்கப்பட்டிருந்தது.

நான் என்ன தப்பாகக் கேட்டேன்?

நன்றி சொல்ல ஏதாவது ஒன்றைத் தினமும் எழுத வேண்டும் என்று பிள்ளை பிறந்தபோது முடிவு செய்திருந்தேன். இன்றைக்கு: அவள் நன்றாகப் பால் குடித்தாள்.


ஜூன் 16, ஞாயிறு

கீழ்வீட்டில் நிச்சயதார்த்தம். போக மனமே இல்லை. ஆனால் ஆதிரைக்குக் காய்ச்சல் வந்த அன்று கார் எடுத்தது அந்த வீட்டு அண்ணன்தான், போகாமல் இருக்க முடியாது. பிள்ளை பிறந்த பிறகு இன்றுதான் முதல் முறையாகச் சேலை கட்டினேன். அரக்குச் சேலை. மடிப்பு வைத்து, முந்தானையைத் தோளில் போட்டு, பின் குத்திக்கொண்டு நிமிர்ந்தால், பீரோக் கண்ணாடியில் மாமியார் நிற்கிறார்.

அதே அரக்கு. அதே பக்கத்தில் முந்தானை.

என் தோளைக் குனிந்து பார்த்தேன். இடது. கண்ணாடியைப் பார்த்தேன். மாமியார் போட்டிருந்த அதே பக்கம்.

பி.எஸ்ஸி. இயற்பியல், முதல் வகுப்பு! இடம் வலம் மாறித் தெரிவதைப் பத்து மதிப்பெண்ணுக்குப் படம் வரைந்து விளக்கியவள். ஓர் ஊரில் ஒரு பெண் வலது தோளில் முந்தானை போட்டால் இடது கைப் பழக்கம் என்று சமாதானம் சொல்லிக்கொள்ளலாம். கணவர் கடிகாரமும் மாறி, சட்டைப் பையும் வலது நெஞ்சுக்கு மாறியிருந்தால்? ஆமாம், பிறகு போய்ப் பார்த்தேன், சட்டைப் பையும் மாறித்தான் இருந்தது.

சேலையோடு மேஜைக்கு ஓடினேன். அட்டைச் சன்னலை எடுத்துவிட்டு நாடாவைப் பார்த்தால் ஓரத்து எண்கள் எல்லாம் திரும்பி நிற்கின்றன. சுத்தமாக இருக்கட்டும் என்று நான் மறைத்து வைத்த எண்கள்! நாடாவில் ஒரு பக்கம் மங்கல், ஒரு பக்கம் பளபளப்பு. பளபளப்பு மேலே இருக்க வேண்டும். நான் படகு வைத்தபோது எல்லாவற்றையும் கவிழ்த்து வைத்திருக்கிறேன். மொத்தப் படமும் கண்ணாடிப் படம்.

மூக்குத்திக் குழந்தையைத் திருப்பினேன். மூக்குத்தி வலது பக்கம் போயிற்று.

இவர் சோபாவில், ஆதிரையை நெஞ்சில் போட்டுக்கொண்டு தூங்கிக்கொண்டிருந்தார். போன் டார்ச்சை அடித்துக்கொண்டு மூக்குக்கு நேரே குனிந்தேன். கண்ணைத் திறந்தார்.

"என்ன யமு, இப்ப எனக்கும் மூச்சு வருதான்னு பார்க்க ஆரம்பிச்சிட்டியா?"

"பேசாம இருங்க. இது என்ன தழும்பு?"

"அம்மை வடு. கல்யாணத்துக்கு முன்னாடியே சொல்லியிருக்கேனே, வேற வரன் பார்க்கிறியா?"

வலது மூக்கில், கடுகளவு ஒரு குழி. அம்மை வடு இவ்வளவு வட்டமாகவா இருக்கும்? முகத்தில் வேறு எங்கும் இல்லாமல் இங்கே மட்டுமா? படத்தைக் காட்டினேன். பார்த்தார். கையால் மூக்கைத் தொட்டுப் பார்த்தார். அப்புறம் அந்தக் கையை எடுக்கவே இல்லை.

மதினிக்குப் போன் போட்டார். எடுத்தது அவர் கணவர். "உங்க அக்கா ரயில் ஏறிட்டா மாப்ள. நேத்து அந்தப் போட்டோவைப் பார்த்ததுல இருந்து ஒரு வாய் சாப்பிடல. நான் எதுவும் சொல்ல மாட்டேன், அவளே வந்து சொல்லுவா. ஸ்டேஷனுக்கு மட்டும் போயிரும்."

நிச்சயதார்த்தத்துக்குப் போனோம். என்ன சாப்பிட்டோம் என்று தெரியாது.


ஜூன் 17, திங்கள்

மதினி வந்ததும் கையைக் காலைக் கழுவிக்கொண்டு ஆதிரையைத் தூக்கினார். தலையைத் தடவித் தடவிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்து, "ஏளா, எனக்கு மன்னிப்பே கிடையாது. பொய் சொல்லிட்டேன்" என்றார்.

"மூக்குத்தி போட்ட பிள்ளை தம்பிதான்" என்றார்.

நான் போனில் அந்தப் படத்தை மறுபடி திறந்தேன்.

மதினிக்கும் இவருக்கும் நடுவில் ஒருவன் இருந்திருக்கிறான். சங்கரன். எட்டாவது மாதத்தில், கோடையில், வயிற்றுப்போக்கு. மூன்றே நாள். பெரியாஸ்பத்திரிக்குப் போகிற வழியில் பஸ்ஸிலேயே முடிந்துவிட்டது. அடுத்த வருடம் இவர் பிறந்தார். இவரும் தங்காமல் போய்விடக்கூடாது என்று பிறந்த பதினோராம் நாள் குப்பைமேட்டில் கிடத்தியிருக்கிறார்கள். பக்கத்து வீட்டம்மா எடுத்துக்கொண்டு போக, மாமியார் ஒரு மரக்கால் தவிடு கொடுத்து அவரிடமிருந்து வாங்கியிருக்கிறார். ஆண் பிள்ளை என்று எந்தக் கண்ணும் பார்க்காமல் இருக்க வலது மூக்கைக் குத்தியிருக்கிறார்கள். ஐந்து வயதில் திருச்செந்தூரில் முடி இறக்கியபோதுதான் மூக்குத்தியைக் கழற்றியது.

"நிசமாவே தவிட்டுக்குத்தான் வாங்குனாங்களா என்னைய?" என்றார் இவர். சிரிக்கத்தான் பார்த்தார். 

"ஒரு மரக்கால்டே. அதுவும் நல்ல தவிடு" என்றார் மதினி, மூக்கை உறிஞ்சிக்கொண்டே. "உன் தலையைப் பார்த்து ஊரே பேசும். 'காந்திமதி, உன் தம்பிக்குக் கழுத்து தாங்குமா'ம்பாங்க. அம்மா வெளிய தூக்கிட்டே போக மாட்டா. ரெண்டு வயசுல உடம்பு வந்து தலைக்குச் சரியாப் போச்சு. அந்தப் பேரைச் சொல்லக் கூடாது, உனக்குச் சொல்லவே கூடாதுன்னு என் தலையில அடிச்சுச் சத்தியம் வாங்கிட்டா."

"என்கிட்டயாவது சொல்லியிருக்கலாமே மதினி" என்றேன். கோபம் வந்தது, உண்மை. எத்தனை நாள்.

"எப்படிச் சொல்லுவேன்? உனக்குக் கையில அஞ்சு மாசப் பிள்ளை. தலையை அளந்து அளந்து பார்த்துக்கிட்டு இருக்கே. இந்த வீட்டுல ஒரு கைப்பிள்ளை போயிட்டான்னு உன்கிட்ட நான் எப்படிச் சொல்லுவேன்? மூக்குத்தியைப் பார்த்து நீயே பொம்பளப் பிள்ளைன்னு நினைச்சே. நான்னு சொல்லிட்டா, குடும்பத் தலைதான்னு உனக்கு நிம்மதியாவும் இருக்கும், சத்தியமும் நிக்கும்னு நினைச்சேன். டாக்டரம்மா அப்பா தலைதான் வேணும்னு கேப்பாங்கன்னு எனக்கு என்ன தெரியும்?"

நான் அளப்பது பாளையங்கோட்டைவரை தெரிந்திருக்கிறது. இவர் சொல்லியிருப்பார்.

"சங்கரனுக்குத் தலை..."

"நீதான் அனுப்புனியே. அவன் தலைக்கு ஒண்ணுமே இல்லளா. ராசா மாதிரி இருப்பான். அவனை எடுத்த போட்டோவையெல்லாம் அம்மா அடுப்புல போட்டா. நான் பார்த்துக்கிட்டு நின்னேன். நெகட்டிவை மட்டும் எப்படி வச்சிருந்தான்னுதான் எனக்கு விளங்கல."

எனக்கு விளங்கியது. அந்த நாடாவை ஜன்னலில் பிடித்துப் பார்த்தவள் நான். அதில் அவன் முகம் இருக்கிறது, ஆனால் தெரியாது. பார்க்கவும் முடியாமல் எரிக்கவும் முடியாமல் போன ஒருத்திக்கு அதைவிட என்ன வேண்டும்? பீரோவில் வைத்துப் பூட்டிக்கொள்ளலாம். இதை மதினியிடம் சொன்னேன். 

பிறகு கேட்டார்: "நீ அனுப்புன போட்டோல அவன் என் வலது இடுப்புல இருக்கானே. எனக்கு எப்பவும் இடதுன்னுதான் ஞாபகம். கொலுசு போட்டிருப்பான், இங்க உரசி உரசிக் காய்ச்சுப் போயிருக்கும். முப்பத்தஞ்சு வருசத்துல அதுகூட மறந்துட்டேனோன்னுதான் ராத்திரி பூரா அழுதேன்."

"இல்லை மதினி. தப்பு என்னோடது" என்றேன். நாடாவை எடுத்து, பளபளப்புப் பக்கம் மேலே வைத்து, அவர் கண் முன்னாலேயே மறுபடி எடுத்தேன். நிறத்தைத் திருப்பினேன். நீலம் வடிந்தது.

இடது இடுப்பு.

மதினி போனைத் தன் இடுப்போடு அணைத்து வைத்துக்கொண்டார். 


ஜூன் 19, புதன்

இவர் படங்கள் மூன்று, ஐந்தாறு மாதத்தில், ஒரு வயதில், மூன்று வயதில். மதினியும் கூட வந்து டாக்டரிடம் நேரிலேயே சொன்னார். டாக்டர் எல்லாவற்றையும் வரிசையாகப் பார்த்துவிட்டு இவர் மூக்கையும் ஒருமுறை பார்த்தார். "அப்பா மாதிரியேதான் பொண்ணு. 21 வேண்டாம். மாசம் ஒரு தடவை இங்க வந்து அளப்போம். வாந்தி, சோர்வுன்னு ஏதாவது இருந்தா மட்டும் உடனே வாங்க." பிறகு என் பக்கம் திரும்பி, "இங்க வந்து. வீட்டுல இல்லை. அப்புறம் யமுனா, அடுத்த தடவை நாம உங்களைப் பத்தியும் கொஞ்சம் பேசுவோம். தூங்குறீங்களா?" என்றார்.

தூங்குகிறேன் என்றேன். மதினி, "இல்ல டாக்டரம்மா" என்றார்.

இரண்டு பேருக்கும் நன்றி.


ஜூன் 21, வெள்ளி

இன்று அந்தத் தேதி. காலை பத்து மணிக்கு, மயக்க மருந்து கொடுத்திருக்க வேண்டிய நேரத்தில், ஆதிரை மதினி மடியில் உட்கார்ந்து அவர் மூக்குத்தியைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தாள்.


ஜூன் 23, ஞாயிறு

மதினி ஊருக்குக் கிளம்பினார். புறப்படும் முன், "தம்பி, டேப் எங்கடே? பிள்ளைக்கு ஒரு பாவாடை சட்டை தைக்கணும்" என்றார். இவர் என்னைப் பார்த்துக்கொண்டே பையிலிருந்து எடுத்துக் கொடுத்தார். தோள், கை, இடுப்பு என்று அளந்து பேப்பரில் குறித்தார். தலைக்குப் போகவே இல்லை. அளந்து முடித்ததும் டேப்பைச் சுருட்டித் தன் கைப்பையில் போட்டுக்கொண்டார். மறந்துபோய்ப் போட்டாரா, தெரிந்தே போட்டாரா, நான் கேட்கவில்லை. நான் அளந்த உள்பாவாடை நாடா இன்னும் அலமாரியில் இருக்கிறது. அதைப் பற்றி எழுத வேண்டாம்.


ஜூலை 3, புதன்

45.2. டாக்டர் அளந்தது. புள்ளி மேலேதான் நிற்கிறது, ஆனால் கோடு வளைகிற பக்கமே அதுவும் வளைகிறது. "சமத்தா கூடவே போகுது" என்றார்.

பாவாடை சட்டை வந்தது. சரியாக இருக்கிறது. மதினி கேட்டபடி சங்கரன் படத்தைப் பெரிதாகப் பிரிண்ட் போட்டு அனுப்பினேன். இவர் தனக்கும் ஒன்று வேண்டும் என்றார். ஆபீஸ் பையில் வைத்திருக்கிறார். எடுத்துப் பார்க்கிறாரா என்று தெரியாது, ஆனால் இப்போதெல்லாம் யோசிக்கும்போது கை மூக்குக்குப் போகிறது.

டின்னைத் திருப்பி அனுப்ப வேண்டும். எல்லா நாடாவையும் துடைத்து, புது உறையில் போட்டு அடுக்கினேன். மாமியாரின் கையெழுத்து எதிலும் இல்லை, அவர் ஒன்றும் எழுதி வைக்கவில்லை. அத்தை, உங்களை நான் பார்த்ததே இல்லை. நீங்கள் எரிக்காமல் விட்டதால்தான் என் பிள்ளையை ஊசி போட்டுத் தூங்கவைக்காமல் இருந்தோம். வேறு எப்படி நன்றி சொல்வது என்று தெரியாததால், மூடியின் உட்புறம் ஒரு தாள் ஒட்டியிருக்கிறேன். நாளை யார் திறந்தாலும் குழம்பக் கூடாது.

"பளபளப்பான பக்கம் மேலே இருக்கட்டும். ஓரத்து எண்களை மறைக்க வேண்டாம். காந்திமதியின் இடது இடுப்பில் இருப்பவன் சங்கரன். வலது மூக்கில் மூக்குத்தி போட்டிருப்பவன் அவன் தம்பி பேச்சிமுத்து."